முதுகுக்கு ஓர் ஆள்

மெட்ராஸ் வெயிலில் எவளாவது கோட் தைப்பாளா
என்று கேட்ட எல்லோருக்கும் ஒரே பதில்தான்:
தரமணியில் என் நாற்காலிக்கு நேர் மேலே
பத்தொன்பது டிகிரியில் ஒரு ஏசி
இரவு முழுக்க என் பிடரியில் ஊதுகிறது.

கோடவுன் தெருவில் எடுத்தது மூன்று மீட்டர்,
ஈரக்கல் நிறத்தில் கம்பளி கலந்த துணி.
அதைத் தொடப் பயந்து
காடாவில் வெட்டித் தைத்துப் பார்த்தேன்.
நான்கு காடா.
நான்காவதில் முன்பக்கம் ஒத்துக்கொண்டது.
பொத்தான் போட்டும் மூச்சு விட முடிந்தது.
துணிந்து கம்பளியை வெட்டினேன்.

பின்பக்கம்தான்.
கழுத்துக்கும் காலருக்கும் நடுவே
இரண்டு விரல் நுழையும் சந்து.
அதன் கீழே குறுக்காக ஒரு மடிப்பு.
வலது அக்குளை நோக்கிச் சாய்வாக இன்னொன்று,
யாரோ உள்ளிருந்து இழுத்துப் பிடித்த மாதிரி.

பீரோக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி
செல்போனைத் தோளுக்கு மேல் தூக்கிப் படமெடுத்தால்
தூக்கிய கையே புதிதாக ஒரு மடிப்பைப் போடுகிறது.
பார்க்கத் திரும்பினால் துணியும் திரும்புகிறது.
தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது
பழமொழிக்குச் சரி.
ஊசி குத்த வேண்டியவளுக்கு
அது வெறும் தொல்லை.

அயனாவரத்தில், எங்கள் கட்டிடத்தில்,
சனி இரவு ஒன்பதரைக்கு விளக்கெரிந்தது
கீழ்வீட்டில் மட்டும்.
பிலோமினா.
சித்திரையில் மோட்டார் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டவள்.
அன்றிலிருந்து பேச்சில்லை.
லாரித் தண்ணீரைப் பக்கெட் பக்கெட்டாக மாடியேற்றினேன்.
அவள் வாசலைத் தாண்டும்போதெல்லாம்
வேண்டுமென்றே கொஞ்சம் சிந்தினேன்.

கோட்டை மாட்டிக்கொண்டே படியிறங்கினேன்.
கதவைத் திறந்தவளிடம் ஊசி டப்பாவை நீட்டி,
வேறெப்படிச் சொல்வதென்று தெரியாமல்,
"என் முதுகில் குத்தணும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.
"ரொம்ப நாளா நினைச்சிட்டுத்தான் இருந்தேன்"
என்றபடி மூக்குக்கண்ணாடியைத் தேடினாள்.

பகலில் லேபில் ரத்தம் எடுப்பவள்.
ஊசி அவள் விரலில் நடுங்கவில்லை.
"விறைக்காதே. வீட்ல நிக்கிற மாதிரி நில்லு."
வீட்டில் எப்படி நிற்பேன் என்று யோசித்ததும்
அது மறந்துபோனது.

காலருக்குக் கீழே துணியைக் கிள்ளி, மடித்து,
மூன்று ஊசி.
வலது தோளைத் தொட்டாள். இடது. மறுபடி வலது.
"இது இறங்கியிருக்கு. அரை அங்குலம்."
மின்விசிறி மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.
"பக்கெட் தூக்கற கைதானே இது?"

இல்லை, பிறவியிலேயே அப்படித்தான்,
பள்ளிக்கூடப் படங்களிலும் சாய்ந்துதான் நிற்கிறேன்.
சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

ஞாயிறு முழுக்கப் பிரிப்பு.
இறங்கிய தோளுக்குள் பஞ்சு வைத்துச் சமமாக்கலாம்;
வைத்துப் பார்த்தேன், வேறு யாரோ
என் கழுத்தை இரவல் வாங்கி நின்றாள்.
பஞ்சை எடுத்துவிட்டுத் தோளையே இறக்கினேன்.
தோளை இறக்கினால் அக்குளும் இறங்க வேண்டும்,
இல்லையென்றால் கை பிடிக்கும்.
கீபோர்டிலேயே கிடந்து முன்னால் தொங்கும் கைகள்,
அதனால் இரண்டு கையையும் கழற்றி
ஒரு விரற்கடை முன்பக்கம் திருப்பி வைத்தேன்.
ஈரத்துணி போட்டு இஸ்திரி.
அறையெல்லாம் நனைந்த நாயின் வாசம்.

காலர் கழுத்தில் உட்கார்ந்தது.
இடது முழங்கைக்கு மேலே மட்டும்
சின்னதாக ஒரு சுருக்கம் மிச்சம்.
எனக்கு மட்டும்தான் தெரியும்,
இப்போது உங்களுக்கும்.

திங்கள் இரவு, பத்தொன்பது டிகிரி.
நாற்காலியில் சாய்ந்ததும்
வலது தோள்பட்டைக்குக் கீழே சுருக்கென்றது.
அவள் குத்திய ஊசிகளில் ஒன்று,
லைனிங்குக்குள் தங்கிவிட்டது.

விடிந்து வீடு திரும்பினால்
மோட்டார் ஓடும் சத்தம்.
சுவிட்சுப் பெட்டியில் பூட்டில்லை.
ஊசியைக் காலர் மடிப்பில் செருகிக்கொண்டு,
வலது தோளைக் கொஞ்சம் கூடுதலாகவே இறக்கி,
அவள் ஜன்னலைத் தாண்டிப் படியேறினேன்.